குதிகாலில் இரண்டு சொற்கள்: ஏர் ஜோர்டான் 3 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

என் மேசைமீது ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. வெள்ளைத் தோல். மூக்கைச் சுற்றியும் குதிகாலைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில், வெயிலில் வெடித்த ஏரித்தரை போன்ற நுண்கோடுகள். கயிறுகளுக்கு அடியிலிருந்து மேலே நீளும் நாக்கின்மேல், பந்தை உயர்த்திப் பிடித்தபடி கால்களை விரித்துத் தாவும் ஒரு மனிதனின் நிழலுரு. திருப்பிப் பார்த்தால் குதிகால் பட்டையில் நைக்கியின் சின்னமான வளைகோடும் அதன் மேலும் கீழுமாக "நைக்கி", "ஏர்" என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரில் நைக்கி நிறுவனம் செய்த வரிசையில் மூன்றாவது, 1988இல் முதன்முதலாகக் கடைக்கு வந்த ஏர் ஜோர்டான் 3. அதன் மறுவெளியீடு இது. 2013இல் வந்தது.

அந்த இரண்டு சொற்களுக்காகச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காது. நடுவில் வந்த வெளியீடுகள் பலவற்றில் அதே இடத்தில் தாவும் மனிதனை வைத்துவிட்டார்கள். ஷூ அதேதான், நிறமும் அதேதான், விலை மட்டும் கூடியிருந்தது. ஆனாலும் வாங்கியவர்களில் பெரும்பாலோர், "இது அது இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஏன் சரி என்று காட்ட, இந்தக் காலணி எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பிறந்த இரண்டு

1984இல் நைக்கியை ஓட்டக்காரர்களின் நிறுவனமாகத்தான் உலகம் அறிந்திருந்தது. கூடைப்பந்தில் கான்வெர்ஸின் கொடி பறந்தது. அன்றைய நட்சத்திர வீரர்களான மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் அதைத்தான் அணிந்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜோர்டானும் கான்வெர்ஸ் அணிந்துதான் ஆடினார். அவர் மனம் நாடியது அடிடாஸை. பெற்றோர் வற்புறுத்தியதால்தான் நைக்கியின் தலைமையகத்துக்குப் போனார். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர். ஒரு புதுமுகத்துக்கு அன்று அது கேள்விப்படாத தொகை.

பீட்டர் மூர் வடிவமைத்த ஏர் ஜோர்டான் 1, 1985இல் 65 டாலருக்குக் கடைக்கு வந்தது. சிவப்பும் கறுப்பும் கலந்த ஷூவை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ தடைசெய்தது என்ற கதையை நைக்கி விளம்பரமாகவே ஆக்கிக்கொண்டது. லீகிடமிருந்து 1985 பிப்ரவரியில் நைக்கிக்கு ஒரு கடிதம் போனது உண்மை. ஆனால் அந்தக் கடிதம் குறிப்பிடும் காலத்தில் ஜோர்டான் அணிந்திருந்தது ஏர் ஷிப் என்ற வேறொரு ஷூ என்பதே ஆதாரங்களை அலசியவர்களின் முடிவு. எப்படியோ, விற்பனை மலைபோல் உயர்ந்தது. முதல் ஆண்டிலேயே 12.6 கோடி டாலர் என்று ஜோர்டானின் முகவர் டேவிட் ஃபால்க் சொல்லியிருக்கிறார். நான்காம் ஆண்டு முடிவில் 30 லட்சம் டாலர் வந்தால் போதும் என்பதுதான் நைக்கியின் கணக்காக இருந்ததாம்.

அடுத்து சறுக்கல் வந்தது. 1985 அக்டோபரில், தன் இரண்டாவது பருவத்தின் மூன்றாம் ஆட்டத்தில் ஜோர்டானின் இடது பாத எலும்பு முறிந்தது. 64 ஆட்டங்கள் அவர் களத்தில் இல்லை. நாயகன் இல்லாத நேரத்தில் கடைகளில் ஷூ தேங்கியது. தள்ளுபடி விலைக்கு இறங்கிய அந்த ஜோடிகளை ஸ்கேட்போர்டு இளைஞர்கள் வாங்கிக்கொண்டார்கள். கணுக்காலை மூடும் உறுதியான தோல் அவர்களுக்குத் தோதாக இருந்தது. ஏர் ஜோர்டான் 1இன் வாழ்வில் இது ஒரு தனி அத்தியாயம். அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.

1986இன் இறுதியில் இரண்டாவது ஜோர்டான் வந்தது. இதில் மூருடன் புரூஸ் கில்கோரும் இருந்தார், 1982இல் ஏர் ஃபோர்ஸ் 1ஐ வடிவமைத்தவர். இத்தாலியில் தயாரித்தார்கள். பக்கவாட்டில் நைக்கியின் வளைகோடு கிடையாது. பல்லித்தோல் போன்ற வேலைப்பாடு, விலை 100 டாலர். விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகும் காலணியின் மிடுக்கு அதற்கு இருந்தது. ஆனால் ஜோர்டானுக்கு மனம் ஒட்டவில்லை. 1987இல் பீட்டர் மூரும், ஜோர்டானை நைக்கிக்குள் கொண்டுவருவதில் பெரும்பங்கு வகித்த ராப் ஸ்ட்ராசரும் நிறுவனத்தை விட்டு விலகிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். ஜோர்டானையும் தங்களோடு அழைத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நைக்கியோடு ஜோர்டானின் ஒப்பந்தக் காலமும் கரைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஷூவின் வேலை இந்த நிலைமையில்தான் ஒரு புதியவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

கட்டடம் கட்டியவர்

டிங்கர் ஹாட்ஃபீல்ட் ஷூ வடிவமைப்பு படித்தவர் அல்லர். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தவர். அங்கே கோலூன்றித் தாண்டும் வீரராகவும் இருந்தார். பயிற்சியாளர் பில் பவர்மேன், நைக்கியை நிறுவிய இருவரில் ஒருவர். மாணவர்களுக்காகத் தன் கையாலேயே ஷூ தைத்துக் கொடுப்பார். தாண்டும்போது விழுந்து ஹாட்ஃபீல்டின் கணுக்கால் மோசமாக அடிபட்டபோது, அந்தக் காலுக்கு ஏற்றபடி குதிகாலை உயர்த்தி ஒரு ஷூ செய்துகொடுத்தார் பவர்மேன். ஒருவனுடைய உடம்பைப் பார்த்து, அவனுடைய வலியைக் கேட்டு, அதற்கென்று ஒரு காலணி செய்வது எப்படி என்பதை ஹாட்ஃபீல்ட் கற்றது அங்கேதான். இந்த ஆய்வில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1981இல் நைக்கியில் கட்டடக் கலைஞராகச் சேர்ந்தார். அலுவலகங்களையும் காட்சியறைகளையும் வடிவமைத்தார். 1985இல் ஷூ வடிவமைப்புக்கு மாறினார். இரண்டே ஆண்டுகளில், 1987இல், ஏர் மேக்ஸ் 1ஐக் கொண்டுவந்தார். குழாய்களையும் தூண்களையும் மறைக்காமல் வெளியே காட்டி நிற்கும் பாரிஸின் பொம்பிடு மையத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், பாதத்துக்கும் தரைபடும் அடிப்பகுதிக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் நடுத்தளத்தில் ஒரு சன்னலை வெட்டி, உள்ளே இருக்கும் காற்றுப்பையைக் கண்ணுக்குக் காட்டினார். காற்றுப்பை அதற்குமுன்பும் இருந்தது. விண்வெளித் துறையில் பணியாற்றிய ஃபிராங்க் ரூடி என்ற பொறியாளரின் யோசனை அது. எழுபதுகளின் இறுதியிலிருந்தே நைக்கி அதைப் பயன்படுத்தி வந்தது. ஆனால் அது உள்ளே ஒளிந்திருந்தது. வாங்குபவர் விற்பனையாளரின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கேட்டது என்ன, செய்தது என்ன

ஹாட்ஃபீல்டின் கைக்கு வந்தபோதே வேலை மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தது. அந்த அவசரத்திலும் அவர் முதலில் செய்தது ஜோர்டானிடம் போய் உட்கார்ந்து கேட்டதுதான். உனக்கு என்ன வேண்டும்? எது இடிக்கிறது? எதை விரும்பி அணிகிறாய்? இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று ஆட்டக்காரரின் பெயரை ஷூவில் போடுவார்கள், முகத்தை விளம்பரத்தில் போடுவார்கள். வரைபடத்தின் எதிரே அவரை உட்காரவைக்கும் பழக்கம் இல்லை.

ஜோர்டான் சொன்னவற்றில் முதலாவது உயரம். கூடைப்பந்து ஷூ அன்று இரண்டு வகை. கணுக்காலை மூடி மேலே ஏறுவது ஒன்று, கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுவது இன்னொன்று. முதலாவதில் பாதுகாப்பு உண்டு, கனமும் உண்டு. இரண்டாவதில் விடுதலை உண்டு, பயமும் உண்டு. ஜோர்டான் நடுவில் நிற்கும் ஒன்றைக் கேட்டார். கணுக்கால் எலும்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த இடைநிலை உயரம் கூடைப்பந்து ஷூவுக்குப் புதிது. என் மேசையில் இருக்கும் ஜோடியின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். முன்பக்கம் மேலேறி, பக்கவாட்டில் இறங்கி, பின்னால் குதிநரம்புக்கு இடம்விட்டு வளைகிறது. வெட்டித் திரும்பும் ஆட்டக்காரனின் கால் எங்கே மடங்கும் என்று அறிந்த ஒருவர் போட்ட கோடு அது.

இரண்டாவது, மென்மை. புது ஷூ என்றால் முதல் சில நாட்கள் கடிக்கும், அணிய அணியத்தான் பழகும். ஜோர்டானுக்கு அந்தச் சில நாட்கள் கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் புது ஜோடி அணிபவர் அவர். ஆகவே பெட்டியைத் திறந்ததுமே பழகிய ஷூ போல் இருக்க வேண்டும் என்றார். இதற்கு ஹாட்ஃபீல்ட் கண்ட விடை, தோலிலேயே இருந்தது. பதனிட்ட தோலைப் பெரிய உருளையில் போட்டுச் சுழற்றினால் அது இளகும், மேற்பரப்பில் இயல்பான மணிமணியான சுருக்கம் எழும். சோஃபாவிலும் கைப்பையிலும் பார்த்திருப்பீர்கள். மெழுகு பூசியதுபோல் வழவழவென்று விறைத்து நின்ற அன்றைய விளையாட்டு ஷூக்களுக்கு நடுவே இந்தத் தோல் கையில் எடுத்ததுமே வேறாகத் தெரிந்தது.

மூன்றாவது, அழகு. ஜோர்டானின் உடை ரசனையைக் கவனித்தார் ஹாட்ஃபீல்ட். தைத்த கோட்டும் நல்ல தோல் காலணியும் விரும்புகிறவர் அவர். களத்தில் ஆடவும் வேண்டும், கோட்டு சூட்டோடு போட்டாலும் உறுத்தக் கூடாது. மூக்கையும் குதிகாலையும் சுற்றியிருக்கும் அந்தச் சாம்பல் நுண்கோடுகள், அதாவது யானைத்தோல் வரிகள், வந்தது இந்த இடத்தில்தான். இதற்கு ஓராண்டு முன்பு ஏர் சஃபாரி என்ற ஓட்ட ஷூவில் தீக்கோழித் தோலின் புள்ளிகளை அவர் பயன்படுத்தியிருந்தார். ஒரு கடையில் பார்த்த தீக்கோழித் தோல் சோஃபாதான் அதற்குத் தூண்டுதல். ஆடம்பரத் தோலின் தோற்றத்தை விளையாட்டு ஷூவுக்குக் கொண்டுவரும் அந்த யோசனையின் அடுத்த படி இது. எந்த யானைக்கும் இதில் தொடர்பில்லை. சாதாரணத் தோல்மீது வரிகளைப் பதித்ததுதான்.

இந்த வரிகளைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் பரப்பின்மேல் கறுப்புக் கோடுகள். ஒன்றோடொன்று மோதிப் பிரிந்து சின்னச் சின்னத் தீவுகளை உண்டாக்குகின்றன. எந்த இரண்டு தீவும் ஒரே வடிவில் இல்லை. தோலை எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஷூவிலும் வரிகள் மாறும். வலது ஷூவும் இடது ஷூவும்கூட ஒத்துப்போவதில்லை. அவை இருக்கும் இடத்தையும் பாருங்கள். மூக்கின் விளிம்பு, குதிகாலின் சுற்று. தரையிலும் மற்றவர் காலிலும் உரசி முதலில் தேயும் இரண்டு பகுதிகள். அழுக்கும் கீறலும் விழுகிற இடத்தில் கீறல் போன்ற கோடுகளையே போட்டுவைத்தால் பழுது தெரியாது. அலங்காரமும் காரியமும் ஒரே கோட்டில் சேர்ந்துவிட்டன. கட்டடம் கட்டியவரின் கை இது என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான்.

காற்றுப்பைச் சன்னல் ஜோர்டான் வரிசையில் முதன்முறையாக இந்த ஷூவின் குதிகாலில் திறந்தது. வளைகோடு பக்கவாட்டிலிருந்து அகன்று பின்னால் போனது, நைக்கி, ஏர் என்ற இரண்டு சொற்களோடு. முன்னால், நாக்கின்மேல், பீட்டர் மூர் உருவாக்கிவிட்டுப் போன தாவும் மனிதன் ஏறினான். முதல் ஷூவில் இருந்த சிறகு முளைத்த பந்துச் சின்னம் விடைபெற்றது. ஆக, முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் நிறுவனம். ஒருவர் முகத்தைப் பார்த்து வருகிறவருக்கு ஜோர்டான் தெரிவார், முந்திக்கொண்டு போகிறவரைப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு நைக்கி தெரியும். அன்று இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்த நிலைமையை இதைவிடத் துல்லியமாக எந்த ஒப்பந்தப் பத்திரமும் எழுதியிருக்க முடியாது. குதிகாலில் இருக்கும் சொற்களை எடுத்துவிட்டால் அந்த உறவில் ஒரு தரப்பு காணாமல் போய்விடுகிறது.

காத்திருந்த அறை

ஷூவை ஜோர்டானிடம் காட்டிய நாளை ஹாட்ஃபீல்ட் பலமுறை விவரித்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது. ஜோர்டானின் பெற்றோர் வந்துவிட்டார்கள். நைக்கியின் தலைவர் ஃபில் நைட் வந்துவிட்டார். ஜோர்டானைக் காணவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் ஸ்ட்ராசரோடும் மூரோடும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது முகத்தில் ஆர்வம் இல்லை, என்ன வைத்திருக்கிறீர்கள் காட்டுங்கள் என்ற தோரணை மட்டும் இருந்தது. ஹாட்ஃபீல்ட் உடனே ஷூவை எடுக்கவில்லை. முன்பு ஜோர்டானே சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைவூட்டினார். உயரம் இப்படி இருக்க வேண்டும் என்றாயே, தோல் இப்படி வேண்டும் என்றாயே என்று. ஜோர்டான் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகே துணியை விலக்கி மாதிரியை அவர் கையில் கொடுத்தார்.

கையில் வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அறையின் காற்று அங்கே மாறியது. தந்தை ஜேம்ஸ் ஜோர்டானும் நைக்கியிலேயே இருக்கும்படி மகனுக்குச் சொன்னார். ஜோர்டான் தங்கினார்.

நிறுவனத்தையே அந்த ஷூ காப்பாற்றியது என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய சொல் எனக்கு வேண்டாம். ஆனால் ஆர்வமில்லாமல் வந்தவனிடம் அவன் பேச்சையே திருப்பிச் சொல்லி, அதன்பின் அதைப் பொருளாகக் கையில் வைத்தால் மனம் இளகாமல் இருக்குமா? தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்து, சொன்னபடியே தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். அன்று தொடங்கிய கூட்டு ஏர் ஜோர்டான் 15 வரை தொடர்ந்தது.

சிகாகோ, 1988 பிப்ரவரி

இந்த ஷூவுக்கு வாய்த்த அறிமுகம் எந்த விளம்பரப் பணத்துக்கும் கிடைக்காதது. 1988 பிப்ரவரி 6 அன்று என்பிஏ நட்சத்திர வார இறுதியின் டங்க் போட்டி, அதாவது தாவி எழுந்து பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் அறையும் போட்டி, ஜோர்டானின் சொந்த மைதானமான சிகாகோ ஸ்டேடியத்தில் நடந்தது. எதிரில் அட்லாண்டாவின் டொமினிக் வில்கின்ஸ். கடைசி முயற்சிக்கு ஜோர்டான் மைதானத்தின் மறுகோடிக்குப் போனார். அங்கிருந்து ஓடிவந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே எழும்பினார். வளையத்தின் பலகையிலிருந்து 15 அடி தள்ளியிருக்கும் கோடு அது. நடுவர்கள் 50க்கு 50 கொடுத்தார்கள். இறுதிக் கணக்கு 147க்கு 145. வில்கின்ஸுக்கு அநீதி என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வளையத்துக்கு அப்பாலிருந்து வால்டர் யூஸ் எடுத்த படத்தில் ஜோர்டான் காற்றில் தொங்குகிறார். பின்னால் அரங்கம் முழுக்க முகங்கள். காலில் வெள்ளை நிற மூன்றாம் ஜோர்டான்.

மறுநாள் நட்சத்திர ஆட்டத்தில் அதே ஷூவின் கறுப்பு வடிவம். 40 புள்ளிகள், ஆட்டநாயகன் விருது. அந்தப் பருவம் முழுவதும் அவருடையதாகவே இருந்தது. ஆட்டத்துக்குச் சராசரி 35 புள்ளிகள், லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, சிறந்த தடுப்பாளர் விருது. ஒரே பருவத்தில் இந்த இரண்டு விருதுகளையும் பெற்ற முதல் வீரர் அவர்தான்.

தொலைக்காட்சியில் இயக்குநர் ஸ்பைக் லீ வந்தார். தன் முதல் முழுநீளப் படத்தில் தானே நடித்த மார்ஸ் பிளாக்மன் என்ற பாத்திரம், காதலியின் படுக்கையில்கூட ஏர் ஜோர்டானைக் கழற்ற மறுப்பவன். வீடன் கென்னடி விளம்பர நிறுவனத்தின் ஜிம் ரிஸ்வோல்ட் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பாத்திரத்தையே ஜோர்டானின் பக்கத்தில் நிறுத்தினார். கறுப்பு வெள்ளையில், வாயாடியான ஒரு சிறிய மனிதனும் பேசாத ஒரு பெரிய ஆட்டக்காரரும். புரூக்ளின் தெருவின் பேச்சு அப்படியே தேசிய விளம்பரத்துக்கு வந்தது அந்தக் காலத்தில் அரிது. 100 டாலர் விலையில் நான்கு நிறங்களில் ஷூ விற்றது. வெள்ளையிலும் கறுப்பிலும் யானைவரி கொண்டவற்றைச் சேகரிப்பாளர்கள் வெள்ளை சிமென்ட், கறுப்பு சிமென்ட் என்றழைக்கிறார்கள். மற்ற இரண்டு, வெள்ளையோடு சிவப்பும் வெள்ளையோடு நீலமும் சேர்ந்தவை.

நாக்கில் இருக்கும் மனிதன்

ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். தாவும் மனிதன் சின்னம் 1988 டங்க் போட்டியின் படத்திலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியிருக்க முடியாது. போட்டியன்று அந்தச் சின்னம் ஷூவின் நாக்கில் ஏற்கெனவே இருந்தது.

உண்மைக் கதை 1984க்குப் போகிறது. ஒலிம்பிக்கை முன்னிட்டு லைஃப் இதழுக்காக யாக்கோபஸ் ரென்ட்மீஸ்டர் என்ற புகைப்படக் கலைஞர், வட கரோலினா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மேட்டில் வைத்து ஜோர்டானைப் படமெடுத்தார். பாலே நடனத்தில் கால்களை அகல விரித்துத் தாவும் அசைவைச் சொல்லிக்கொடுத்து, இடது கையில் பந்தோடு எழும்பச் சொன்னார். பின்னர் நைக்கி சிகாகோ நகரின் கட்டடங்கள் பின்னணியில் தெரிய, அவருடைய அணியான சிகாகோ புல்ஸின் நிறங்களில் ஜோர்டானை ஏறக்குறைய அதே தோரணையில் நிறுத்தித் தனியாக ஒரு படம் எடுத்தது. சின்னம் பிறந்தது அதிலிருந்து. 2015இல் ரென்ட்மீஸ்டர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது. ஒரு தோரணை யாருக்கும் சொந்தமில்லை, அதைப் படமாக்கும்போது எடுத்த குறிப்பிட்ட தேர்வுகளுக்கே பாதுகாப்பு என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் கால்களை அந்தக் கோணத்தில் விரிக்கச் சொன்னவரின் பெயர், அந்தச் சின்னத்தை அணியும் கோடிக்கணக்கானோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேகரிப்பாளர்களாவது அதைச் சொல்லிவர வேண்டும்.

திரும்பி வந்தவை

1994இல் நைக்கி இந்த ஷூவை முதன்முறையாக மறுவெளியீடு செய்தது. அப்போது ஜோர்டான் கூடைப்பந்திலிருந்து ஓய்வுபெற்று, அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். ஆறு வயதான ஷூவைப் பழம்பொருளாக மதிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. புதுசுக்குத்தான் மதிப்பு இருந்தது. விற்காத ஜோடிகள் தள்ளுபடிக் கடைகளின் அடுக்குகளுக்குப் போயின. அங்கே வாங்கியவர்கள் இன்று அந்தப் பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள்.

1997இல் ஜோர்டான் தனி பிராண்டாக ஆனது. புதிய நூற்றாண்டு பிறந்ததும் காற்று திசைமாறியது. எண்பதுகளில் அந்த ஷூவைக் கடைக்கண்ணாடி வழியே பார்த்து ஏங்கிய சிறுவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 2001இல் கறுப்பு சிமென்ட் வந்தது, 2003இல் வெள்ளை சிமென்ட் வந்தது. பிறகு வந்தவற்றில், குறிப்பாக 2011இன் வெளியீட்டில், குதிகாலில் நைக்கி ஏர் இல்லை. தாவும் மனிதன் இருந்தான். தனி பிராண்டாகிவிட்ட பிறகு சொந்தச் சின்னத்தை முன்னிறுத்துவது நிறுவனத்துக்கு இயல்பான கணக்கு. வாங்குபவர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. முன்னும் பின்னும் அதே மனிதன் என்றால் ஷூ இரண்டு பக்கமும் ஒரே பேச்சைப் பேசுகிறது. 1987இல் அந்த அறையில் நடந்த பேரத்தின் தடம் அழிந்துவிடுகிறது.

2013இல் குதிகால் சொற்கள் மீண்டன. 2018 பிப்ரவரியில், நட்சத்திர வார இறுதியையொட்டி, கறுப்பு சிமென்டிலும் மீண்டன. ஆனால் சேகரிப்பாளர்களின் கண் அத்தோடு ஓய்வதில்லை. யானைவரியின் கோடுகள் மூலத்தைவிடத் தடித்திருக்கின்றனவா, மூக்கின்மேல் அந்தப் பட்டை எவ்வளவு உயரம் ஏறுகிறது, தோலின் சுருக்கம் இயல்பானதா அச்சில் அழுத்தியதா என்று 1988இன் ஜோடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். பழைய ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்ப்பவரின் பொறுமை அவர்களுக்கு உண்டு.

மூலம் தானாகவே அழிகிறது

இந்த ஒப்பீட்டில் ஒரு துயரம் இருக்கிறது. ஒப்பிட வேண்டிய மூலம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

ஷூவின் நடுத்தளம் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கிறது. நீராற்பகுப்பு என்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. நிறம் மட்டும் பழுப்பாகும். ஒருநாள் எடுத்துப் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தால், நனைந்த ரஸ்க் போல் அடிப்பகுதி உதிர்ந்து தரையில் கிடக்கும். நாள்பட்ட ஜோடியின் நடுத்தளத்தை விரல் நகத்தால் லேசாக அழுத்தினால் குழி மீளாமல் அப்படியே நிற்கும். அந்த ஷூவை இனி போடக்கூடாது என்பதற்கு அதுவே அடையாளம். பெட்டியைத் திறக்காமல் பூட்டிவைத்தால் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அவ்வப்போது அணிந்தவை, பூட்டிவைத்தவற்றைவிட நீடிக்கின்றன என்பதே நீண்டகாலச் சேகரிப்பாளர்களின் அனுபவம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தோல் பிழைக்கும், நுரை பிழைக்காது. ஆகவே புதிய மறுவெளியீட்டு ஜோடியின் அடிப்பகுதியைப் பிரித்தெடுத்து, 1988இன் மேற்பகுதியோடு ஒட்டித் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தது இனி மூலமா இல்லையா என்று சண்டையும் உண்டு. என் கட்சி எளியது. அணிவதற்காகச் செய்த பொருள் மறுபடி அணியக்கூடியதாகிறது என்றால் அதைச் செய்தவர் கை வாழ்க. விற்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஜோர்டானே ஆட்டத்தில் அணிந்த ஜோடிகளின் கதை வேறு. அவை ஏலக்கூடத்தின் பொருள்கள். 1984இல் அவர் அணிந்த ஏர் ஷிப் 2021இல் 14.72 லட்சம் டாலருக்குப் போனது. 1998 இறுதிச் சுற்றில் அணிந்த ஏர் ஜோர்டான் 13, 2023இல் 22 லட்சம் டாலர். அந்த விலைகள் ஷூவுக்கானவை அல்ல, வியர்வைக்கானவை. வடிவமைப்பை நேசிப்பவர் அங்கே போய் எதையும் கற்க முடியாது.

பழுப்பு நிறம்

2023 மார்ச் 11 அன்று வெள்ளை சிமென்ட் மறுபடி வந்தது, இம்முறை 210 டாலருக்கு. வரிகளை 1988இன் நுணுக்கத்துக்குத் திருப்பியிருந்தார்கள். குதிகாலில் இரண்டு சொற்களும் இருந்தன. ஆனால் நடுத்தளம் வெள்ளையாக இல்லை. 35 ஆண்டுகள் அலமாரியில் இருந்ததுபோல் தொழிற்சாலையிலேயே பழுப்பேற்றியிருந்தார்கள்.

இதைப் போலி முதுமை என்று பலர் வெறுத்தார்கள். எனக்கு வெறுப்பு வரவில்லை, ஆனால் உடன்பாடும் இல்லை. பெட்டியைத் திறந்ததுமே பழகிய ஷூ போல் இருக்க வேண்டும் என்று 1987இல் ஜோர்டான் கேட்டது தன் பாதத்துக்காக. அதற்கு விடையாக வந்தது இளகிய தோல், கண்ணை மூடிக்கொண்டு அணிந்தாலும் தெரியும். 2023இன் பழுப்பு நம் நினைவுக்காகப் பூசியது. கண்ணை மூடினால் அது இல்லை. நீரும் நுரையும் சேர்ந்து உண்மையான பழுப்பை அந்தப் பூச்சுக்கு அடியில் ஏற்றத் தொடங்கியாகிவிட்டது.

என் மேசைமீதிருக்கும் 2013இன் ஜோடியில் அது ஓரளவு வந்தும்விட்டது. குதிகாலுக்குக் கீழே, காற்றுப்பைச் சன்னலின் ஓரமாக, மங்கிய மஞ்சளாக ஒரு கோடு. மழைக்காலம் தொடங்குவதற்குள் இன்னொரு முறை அணிந்துகொண்டு நடந்துவர வேண்டும்.